துரை கையெழுத்துப் போட்டால்தான் நாங்கள் ஊர்க்காரர்களா?

உதவிப்பணத்துக்கு விண்ணப்பிக்கும்போது வீட்டு வருமானத்தையும் வதிவிடத்தையும் ஜீ.எஸ். உறுதிப்படுத்தித் தர வேண்டும். எங்கள் பெட்சில் மற்ற ஊர்ப் பிள்ளைகள் ஒரு காலைப்பொழுதில் அந்த வேலையை முடித்துவிட்டு வந்தார்கள். தோட்டங்களில் இருந்து வந்த நாங்கள் நாலு பேர் அதற்காக லெக்சர்களை விட்டுவிட்டு பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம்.

"வீட்டு இலக்கம் என்ன?" என்று கேட்டால் எங்களிடம் இருப்பது ஆறாம் லயம், நாலாம் காம்பரா. கரண்ட் பில் எங்கள் பெயரில் இல்லை, காணி உறுதி என்ற பேச்சுக்கே இடமில்லை. "அப்ப தோட்ட ஆபிஸ்ல ஒரு லெட்டர் எடுத்துட்டு வாங்க." ஆபிசுக்குப் போனால் துரை லீவு. எங்களில் ஒருத்தியின் அப்பா இறந்துவிட்டார், அம்மா கொழும்பில் வீட்டு வேலை செய்கிறார். அவளுக்குக் கிடைத்த பதில்: "உங்க வீட்ல இப்ப யாரும் தோட்டத்துல பேர் போடுறதில்லையேம்மா, நாங்க எப்படி லெட்டர் தர்றது?" கடைசியில் லெட்டர் கிடைத்தது. அதற்குள் விண்ணப்ப முடிவுத் திகதி போய்விட்டது.

அந்தப் பதிலைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவள் அந்தக் காம்பராவில் பிறந்தவள், அவளுடைய அம்மாச்சி இன்றைக்கும் அங்கேதான் படுத்திருக்கிறார். ஆனால் கொழுந்து எடுக்க ஆள் இல்லாத வீட்டில் ஆளே இல்லை என்பது ஆபிசின் கணக்கு. வதிவிடம் என்றால் வசிக்கும் இடம் என்றுதானே நாங்கள் படித்தோம்?

இது ஒரு கிளார்க்கரின் குணக்கேடு இல்லை. அடையாள அட்டை விண்ணப்பத்தில் ஊர்க்காரர்களுக்கு ஜீ.எஸ். அத்தாட்சிப்படுத்துகிறார். தோட்டத்து ஆட்களுக்குத் துரையின் கையெழுத்தை அரசாங்கமே ஏற்றுக்கொள்கிறது. 1992இல் பெருந்தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. கம்பனிகள் குத்தகைக்காரர்கள், காணி இன்னமும் அரசாங்கத்துடையது. ஆக, தன்னுடைய காணியில் தன்னுடைய பிரஜை வசிக்கிறாரா என்று அரசாங்கம் குத்தகைக்காரனிடம் விசாரிக்கிறது!

இந்த விசாரணை எங்கள் தாத்தா காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டது. அடுத்த வருஷம் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் 1946 ஜனவரி 1க்கு முன்னர் இடைவிடாமல் இங்கே வசித்ததைக் காட்டச் சொன்னது. கல்யாணமானவர்களுக்கு 7 வருஷம், ஆகாதவர்களுக்கு 10 வருஷம். இந்தியாவுக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு. மிச்சப் பேர் எங்கே வசித்தார்களாம், ஆகாயத்திலா? 2003ஆம் ஆண்டுச் சட்டம் 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசிக்கும் இந்திய வம்சாவளியினரையும் அவர்களின் பிள்ளைகளையும் பிரஜைகளாக்கியது. நல்லது. பிரஜைகள் ஆனோம், ஆனால் விலாசம் கிடைக்கவில்லை.

வாக்காளர் இடாப்புக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. ஜீ.எஸ். மூலம் படிவம் வருகிறது, அதே லயம் அதே காம்பரா என்று பெயர் பதியப்படுகிறது. தேர்தல் நேரம் எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் எங்கள் வாசல் தெரியும். ஆனால் அதே பிரதேச சபை தோட்டத்து ரோட்டுக்குச் செலவழிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று 2018இல் திருத்தம் வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தது. ஓட்டுப் போட வசிக்கிறோம், ரோட்டுப் போட வசிக்கவில்லை.

"கள்ள விலாசம் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்களே, அத்தாட்சி கேட்காமல் முடியுமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. பெரிய பாடசாலைகளில் முதலாம் வகுப்புக்காக வாடகை ஒப்பந்தம் தயாரிக்கிறவர்களை எல்லோருக்கும் தெரியும். அவர்களிடம் உறுதி, பில், ஒப்பந்தம் எல்லாம் ஃபைல் போட்டு ஒழுங்காக இருக்கும். அந்தப் பத்திரங்களால் பிடிபடுவது அவர்கள் இல்லை. உண்மையாகவே வசித்தும் ஒரு துண்டுக் காகிதம் இல்லாத எங்கள் அம்மாக்கள்தான்.

நாங்கள் கேட்பது பெரிய சலுகை ஒன்றும் இல்லை. வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்தால் அதை வைத்தே ஜீ.எஸ். சான்றிதழ் தரட்டும். சந்தேகம் என்றால் லயத்துக்கு நேரில் வந்து பார்க்கட்டும், தேத்தண்ணி தருவோம். ஒவ்வொரு காம்பராவுக்கும் பிரதேச சபை இலக்கம் கொடுக்கட்டும். கடிதம் ஆபிசில் கிடந்து, நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வரும் கதையும் அதோடு முடியும். காணி உறுதிப் போராட்டம் நீண்டது, அது வரும்வரை இதற்காகவும் காத்திருக்க ஏலாது.

தோட்ட லெட்டர் இல்லை என்பதற்காகச் சான்றிதழ் மறுக்கப்பட்ட பிள்ளைகளின் விபரங்களை இப்போது சேர்த்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் பீடத்தில் மட்டும் ஒரு கொப்பியில் பாதி நிரம்பிவிட்டது. உங்களுக்கும் நடந்திருந்தால் எந்தத் திகதி, எந்தத் தேவைக்கு, என்ன காரணம் சொன்னார்கள் என்று எழுதி அனுப்புங்கள். கொப்பி நிரம்பியதும் பிரதேச செயலகத்துக்கு எடுத்துக்கொண்டு போவோம்.