நோயைக் காப்பாற்ற ஓர் ஆள் வேண்டும்

உருளைக்கிழங்கு 200 கிராம். தோல் சீவி நறுக்கி, வேகவைத்து, துணியில் வடித்த சாறு. அதில் டெக்ஸ்ட்ரோஸ் 20 கிராம், அகார் 20 கிராம். ஒரு லிட்டர் வரும்படி தண்ணீர். 121 டிகிரியில் இருபது நிமிடம் ஆட்டோகிளேவ். பணிக்காலம் முழுக்க நான் பூஞ்சைகளுக்குச் சமைத்துப் போட்ட சாப்பாடு இதுதான். டெல்டாவில் ஒரு நெல் ஆராய்ச்சி நிலையத்தில், பயிர் நோயியல் பிரிவின் ஆய்வக உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆய்வேடுகளின் நன்றியுரையில் கடைசி வரியில் என் பெயர் வரும். சிலவற்றில் இன்ஷியல் தப்பாக.

பயிர் நோய் ஆய்வகங்களுக்கு இப்போது நல்ல காலம். புதிது புதிதாக இயந்திரங்கள் வருகின்றன. வெள்ளை அங்கி போட்ட பிள்ளைகள் பெட்ரி தட்டைத் தூக்கிப் பிடித்து நிற்கும் படங்கள் பத்திரிகைகளில் வருகின்றன. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் அப்படி ஒரு படத்தைப் பார்த்தவுடன் என் கண் முகங்களுக்குப் போகாது, தட்டுக்குத்தான் போகும். அதில் வளர்ந்திருப்பது ஐந்து வருடம் கழித்து எங்கே இருக்கும்? யார் பொறுப்பில் இருக்கும்? பெரும்பாலும் எங்கேயும் இருக்காது என்பது நான் பார்த்து அறிந்த விஷயம். இதைச் சரிசெய்யாமல் கட்டடத்தையும் கருவியையும் மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் எனக்கு உடன்பாடில்லை.

நெல்லில் வரும் குலைநோயை எடுத்துக்கொள்கிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான். 1910-களின் கடைசியிலேயே தஞ்சை டெல்டாவில் அது பயிரை அழித்தது பதிவாகியிருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் பகலில் வெயில், இரவில் குளிர், விடிந்து வெகுநேரம்வரை இலையில் பனி நின்றால் அதற்குக் கொண்டாட்டம். யூரியாவை அள்ளிப் போட்ட வயல் என்றால் இன்னும் வசதி. முதலில் இலையில் கண் வடிவப் புள்ளி, நடுவில் சாம்பல் நிறம். அப்போது கவனிக்காமல் விட்டால் கதிர் வரும் நேரத்தில் கழுத்தைப் பிடிக்கும். கழுத்து கறுத்து மடங்கி, கதிர் வெள்ளையாகத் தொங்கும். இந்தப் பூஞ்சையின் வித்து பேரிக்காய் வடிவம், மூன்று அறை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அழகாகவே இருக்கும். இலையில் ஒட்டிக்கொண்டதும் அது ஒரு சிறு குமிழை உண்டாக்கி, உள்ளே அழுத்தம் ஏற்றி, இலைத் தோலைத் துளைத்துக்கொண்டு போகிறது. அந்த அழுத்தம் கார் டயரில் இருப்பதைப்போல ஏறத்தாழ 40 மடங்கு என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள்.

இதன் பெரிய தொந்தரவு, அது ஒரே ஆளாக இருப்பதில்லை என்பது. ஒரு ரகம் குலைநோயைத் தாங்கும் என்று சொல்லி வெளியிடுவார்கள். சில வருடம் தாங்கும். பிறகு திடீரென்று ஒரு தையில் அதே ரகம் கழுத்து முறிந்து கிடக்கும். விவசாயி விதை சரியில்லை என்பார். கடைக்காரர் மருந்து போதவில்லை என்பார். வந்திருப்பது பழைய பூஞ்சையா, மாறிய பூஞ்சையா என்று யாராவது சொல்ல வேண்டும். சொல்ல வேண்டுமானால் பழையது கையில் உயிரோடு இருக்க வேண்டும். பத்து வருடத்துக்கு முன் வலங்கைமானில் எடுத்ததையும் இன்று வலங்கைமானில் எடுத்ததையும் ஒரே நாற்றில் தனித்தனியாகத் தெளித்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். வேறு குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இந்தச் சோதனைக்கு உலகம் முழுக்க ஒரு ரகத்தை வைத்திருக்கிறார்கள். எளிதில் நோய் பிடிக்கும் ரகம், மற்றவற்றை அதோடு ஒப்பிடுவார்கள். பெயர் கோ 39. நம் கோயம்புத்தூரில் உருவான நெல். பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் அதன்மேல் ஒவ்வொரு எதிர்ப்பு மரபணுவாக ஏற்றிச் சோதனை வரிசைகளையே உண்டாக்கியது. நோய்க்கு விழுந்துவிடுவதற்காகவே புகழ்பெற்ற நெல் நம்முடையது! விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அது உலகத்துக்கு நாம் கொடுத்த பெரிய உதவி. அந்த நெல் விதையாகப் பத்திரமாக இருக்கிறது. அதைத் தாக்கிய பூஞ்சைகளை நாம் அதே அக்கறையோடு வைத்திருக்கிறோமா?

வைத்திருப்பது என்றால் என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். வயலிலிருந்து கழுத்துத் துண்டு வரும். கழுவி, ஹைப்போகுளோரைட்டில் நனைத்து, ஈர வடிதாள் போட்ட தட்டில் ஒரு நாள், இரண்டு நாள் வைத்தால் வித்து எழும். மைக்ராஸ்கோப்புக்கு அடியில் ஊசி முனையால் ஒரே ஒரு வித்தை எடுத்து வளர்க்க வேண்டும். இரண்டை எடுத்தால் கணக்கு கெட்டது. பிறகு சாய்வாக உறைந்த அகார் குழாயில் போட்டு வைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை புதுக் குழாய்க்கு மாற்ற வேண்டும். குழாயிலேயே தின்றுகொண்டிருந்தால் அது சோம்பேறியாகிவிடும். வித்து குறையும், நோய் உண்டாக்கும் வீரியம் போய்விடும். அதனால் அவ்வப்போது நெல் நாற்றில் தெளித்து, நோய் வரவைத்து, அங்கிருந்து திரும்ப எடுக்க வேண்டும். பஞ்சு மூடியைத் தாண்டி உண்ணி புகுந்துவிட்டால் ஒரு குழாயிலிருந்து அடுத்த குழாய்க்குப் பூஞ்சையைக் காலில் சுமந்து போய் அடுக்கையே நாறடித்துவிடும். இதற்கெல்லாம் நல்ல மாற்று, பூஞ்சையை வடிதாள் துண்டுகளின் மேல் வளரவிட்டு, தாளோடு உலர்த்தி, உறையில் போட்டு மைனஸ் 20 டிகிரியில் வைப்பது. வருடக்கணக்கில் கிடக்கும். உறையின்மேல் ஊர், ரகம், தேதி, இலையா கழுத்தா, எடுத்தவர் யார் என்று பென்சிலில் எழுத வேண்டும். பேனா மை கரைந்துவிடும்.

இதில் எதுவும் ஆய்வேடாகாது, பதவி உயர்வுக்கும் உதவாது. அதனால்தான் செய்ய ஆள் இல்லை.

பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. திட்டத்தில் சேர்ந்து வருவார்கள். முதல் வருடம் கை பழகும். இரண்டாம் வருடம் ஓடி ஓடிச் சேகரிப்பார்கள். மூன்றாம் வருடம் எழுதவும் வேலை தேடவும் சரியாக இருக்கும். மன்னார்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். விடிவதற்குள் வயலில் இறங்கிவிடுவாள், பனி காயும் முன் எடுத்தால்தான் நல்லது என்று யாரோ சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு. ஒற்றை வித்து எடுப்பதில் அவளைப்போல் கை நிதானம் கொண்டவரை நான் பார்த்ததில்லை. உதவித்தொகை மாதக்கணக்கில் வராத நாட்களில் பஸ்ஸுக்குக் கைமாற்று வாங்கிக்கொண்டு வேலை பார்த்தாள். திட்டம் முடிந்தது, வங்கித் தேர்வு எழுதிப் போய்விட்டாள். அவள் சேர்த்ததெல்லாம் ஒரு தட்டு நிறைய இருந்தது. அடுத்து வந்த பையன், "அண்ணே, இதுல எம்-1, எம்-2ன்னு போட்டிருக்கு, எம்-ன்னா என்னண்ணே?" என்று கேட்டான். மன்னார்குடியா, மதுக்கூரா, முத்துப்பேட்டையா? குறிப்பேடு அவளோடு போய்விட்டது. வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும் என்று அலுவலகத்தில் விதி ஏதும் இல்லை. மேசை, நாற்காலி, தராசு மூன்றையும் சரிபார்த்துத்தான் அவளுக்கு நிலுவையின்மைச் சான்று கொடுத்தார்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு ஆள் போடவில்லை. ஒரு புயல் வாரத்தில் மின்சாரம் போய், ஜெனரேட்டரைப் போட ஆளில்லாமல், உறைபெட்டி மொத்தமும் உருகிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். தணிக்கையில் உறைபெட்டி இருக்கிறது, நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதியிருப்பார்கள். பொய்யில்லைதான்.

சேமித்து வைத்ததால் என்ன கிடைத்தது என்று கேட்பவர்களுக்கு வங்கதேசத்தைச் சொல்வேன். 2016 பிப்ரவரியில் அங்கே கோதுமைக் கதிர்கள் திடீரென்று வெளுத்தன. எட்டு மாவட்டம், சுமார் 15,000 ஹெக்டேர். நெல் குலைநோயின் நெருங்கிய சொந்தம்தான் காரணம் என்று தெரிந்தது. ஆனால் நெல்லிலிருந்து தாவியதா, வெளியிலிருந்து வந்ததா? தோஃபஸல் இஸ்லாம் என்ற வங்கதேச விஞ்ஞானியும் இளம் ஆய்வாளர்களும் வயலில் இறங்கி நோயுற்ற இலைகளைச் சேகரித்தார்கள். இங்கிலாந்தின் நாரிச்சில் உள்ள ஆய்வகத்தோடு சேர்ந்து அதன் மரபுத் தகவலைப் படித்து, யார் வேண்டுமானாலும் ஆராயட்டும் என்று உடனே வெளியிட்டார்கள். சில வாரங்களில் விடை வந்தது: தென் அமெரிக்காவின் கோதுமைப் பூஞ்சையோடு இது ஒத்துப்போகிறது. பிரேசிலில் 1985-இல் முதலில் தலைகாட்டிய நோய் அது. எல்லோரும் இதில் இயந்திரத்தின் வேகத்தைப் பாராட்டுகிறார்கள். நான் பாராட்டுவது, பிரேசிலில் பல வருடம் வயல் வயலாக எடுத்துப் பெயர் எழுதி வைத்திருந்தவர்களை. ஒப்பிடுவதற்கு அவர்கள் சேகரிப்பு இல்லையென்றால் எவ்வளவு வேகமான இயந்திரம் இருந்தும் என்ன பயன்?

கரும்பிலும் இதே கதை. 2009-இல் வெளியான கோ 0238 உத்தரப் பிரதேசத்தின் பெரும்பகுதியைப் பிடித்த ரகம், கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் கர்னால் மையத்தில் உருவானது. செவ்வழுகல் நோய் அதைச் சாய்த்தது. சாய்த்தது புதிய வகைப் பூஞ்சை என்று அடையாளம் காண முடிந்ததற்குக் காரணம், பழைய வகைகளை உயிரோடு வைத்திருந்து, குறிப்பிட்ட கரும்பு ரகங்களில் செலுத்திச் சோதித்து வந்த நடைமுறை. அப்படி வருடந்தோறும் செய்துவரும் இடங்கள் நாட்டில் இருக்கின்றன என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

உயிரில்லாத இலைகூட உதவும். 1840-களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்த நோய்க்கிருமி எந்த வகை என்பதை 2013-இல்தான் சரியாகக் கண்டுபிடித்தார்கள். லண்டன் கியூ தோட்டத்திலும் மியூனிக்கிலும் யாரோ அந்தக் காலத்தில் உலர்த்தித் தாளில் ஒட்டி வைத்த இலைகளிலிருந்து. நெடுங்காலம் வேறொரு வகைதான் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். வங்கப் பஞ்சத்துக்கு முந்தைய 1942-இல் நெல்லைத் தாக்கிய பழுப்புப் புள்ளி நோய் எவ்வளவு கடுமையானது என்பதை எஸ்.ஒய். பத்மநாபன் 1973-இல் எழுதியபோதும், சின்சுராவிலும் பாங்குராவிலும் இருந்த நெல் நிலையங்கள் ரகவாரியாகக் குறித்து வைத்திருந்த விளைச்சல் கணக்குதான் கைகொடுத்தது. பஞ்சத்துக்குக் காரணம் நோயா, போர்க்கால அரசா என்ற வழக்கு பெரியது, அதில் நான் நுழையவில்லை. எனக்கு அந்தக் கணக்கை எழுதிய குமாஸ்தாக்கள்மேல்தான் மரியாதை.

மரபு வரிசையைக் கணினியில் ஏற்றிவிட்டால் போதாதா, குழாயும் உண்ணியும் எதற்கு என்று ஒரு இளம் பேராசிரியர் என்னிடம் வாதாடினார். கணினியில் இருப்பதை நாற்றின்மேல் தெளிக்க முடியாதே, சார். புது ரகம் தாங்குமா என்று பார்க்க உயிருள்ள வித்து வேண்டும். மருந்துக்குப் பூஞ்சை பழகிவிட்டதா என்று பார்க்க, அந்த மருந்து கடைக்கு வருவதற்கு முன்னால் எடுத்த பூஞ்சை வேண்டும். அதை இனிமேல் போய் எடுக்க முடியுமா?

டெல்லியில் தேசியச் சேகரிப்பு இருக்கிறதே என்பது இன்னொரு பதில். இருக்கிறது. பூசா வளாகத்தில் உள்ளது 1936-இல் தொடங்கியது. உத்தரப் பிரதேசத்தின் மவ் நகரில் வேளாண் நுண்ணுயிர்களுக்கென்றே தனி நிறுவனம் உண்டு. அனுப்பட்டும், நல்லது. ஆனால் ஒவ்வொரு தையிலும் ஒவ்வொரு வட்டாரத்திலும் எடுப்பதையெல்லாம் அங்கே அனுப்பவும் முடியாது, தையில் நோய் வந்தால் அடுத்த வாரமே ஒப்பிட இங்கே கையில் இருக்கவும் வேண்டும்.

நான் கேட்பது மூன்றே காரியம். ஒவ்வொரு பயிர் ஆராய்ச்சி நிலையத்திலும் பூஞ்சை, பாக்டீரியா சேகரிப்புக்கென்று நிரந்தரப் பணியிடம் ஒன்று. திட்ட ஊழியர் இல்லை, நிரந்தரம். பட்டம் வாங்குவதற்கு முன், ஆய்வில் பயன்படுத்திய ஒவ்வொரு பூஞ்சையையும் குறிப்பேட்டோடு ஒப்படைத்தேன் என்று மாணவர் ரசீது காட்ட வேண்டும். நிலுவையின்மைச் சான்றில் நாற்காலிக்குக் கீழே ஒரு வரி சேர்த்தால் போதும். மூன்றாவது, மாணவர் உதவித்தொகை மாதம் பிறந்ததும் வர வேண்டும். பசியோடு இருப்பவரிடம் உறையில் தெளிவாக எழுதச் சொல்ல எனக்கு வாய் வராது.

பணம் இல்லை என்பார்கள். குலைநோய்ப் பூஞ்சைக்கு வேண்டியது வடிதாள், காகித உறை, பென்சில், ஒரு உறைபெட்டி, மின்சாரம் போனால் ஓட ஒரு ஜெனரேட்டர். இவை பல நிலையங்களில் ஏற்கெனவே இருக்கின்றன. இல்லாதது ஞாயிற்றுக்கிழமை புயலடித்தாலும் சாவியோடு வந்து ஜெனரேட்டரைப் போட வேண்டியது தன் வேலை என்று நியமன ஆணையில் எழுதப்பட்ட ஒருவர். இப்போது சம்பா நாற்று விடும் நேரம். தைக்குள் அந்த ஆணையைப் போட முடியும்.