தொட்டியில் அறையும் தாரையும் விரயமாகும் சக்தியும்

கெங்கவல்லி வட்டாரத்தில் சுவேத நதியை அடுத்த தோட்டக்கால்களில், பம்புக் குழாயின் வாய் தொட்டிக்கு மேல் வெகு உயரத்தில் நிற்க, ஜலம் சீறிப் பாய்ந்து அடியிலுள்ள தட்டைக் கல்லின்மீது அறைந்து சிதறுவதைக் காணலாம். தாரை பலமாக அடித்தால் பம்பும் பலமுள்ளது என்று குடியானவர்கள் மகிழ்கிறார்கள். இவ்வெண்ணம் தவறானது. தொட்டியில் எழும் அந்த இரைச்சல் நஷ்டத்தின் அடையாளமேயாகும்.

பாயும் ஜலத்திற்கு வேகத்தினால் ஒரு சக்தி உண்டு. அசையாத கல் அச்சக்தியைக் கொண்டு எந்த வேலையும் செய்வதில்லை. கல்லில் மோதிய ஜலம் பக்கங்களில் பரவிச் சுழன்று, தன்னுள் தானே உராய்ந்து ஓய்கிறது. அதன் வேகம் முடிவில் உஷ்ணமாக மாறிவிடுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஜூல் என்னும் ஆங்கில விஞ்ஞானி நிலைநாட்டிய முறைப்படி கணக்கிட்டால், ஜலம் சுமார் 427 மீட்டர் விழுந்தால்தான் ஒரு டிகிரி உஷ்ணம் ஏறும். 2 மீட்டர் விழும் ஜலத்தில் ஏறுவது இருநூறில் ஒரு பங்கு டிகிரியே. கையால் தொட்டு அறிய முடியாத காரணத்தால், விரயம் நடப்பதே ஒருவருக்கும் தெரிவதில்லை.

இவ்விரயம் அற்பமானதன்று. விநாடிக்கு 10 லிட்டர் இறைக்கும் பம்பில் 3 அங்குலக் குழாயின் வாயில் ஜலத்தின் வேகம் விநாடிக்குச் சுமார் 2.2 மீட்டர், இது கால் மீட்டர் உயரம் தூக்குவதற்குச் சமம். வாயை 2 அங்குலமாகக் குறுக்கினால் வேகம் ஏறக்குறைய 5 மீட்டராகி, நஷ்டமும் ஒன்றேகால் மீட்டராகிறது. குழாயும் அவசியமின்றி ஒரு மீட்டர் உயர்ந்திருந்தால், மொத்தத்தில் 2 மீட்டர் உயரம் வீணே கூடுகிறது. 20 மீட்டர் ஆழத்திலிருந்து இறைப்பவருக்கு இது பத்தில் ஒரு பங்கு.

தாரையின் வேகம் எங்கும் வீணென்பதன்று. 1932-இல் தொடங்கிய நீலகிரி பைக்காரா மின்நிலையத்தில், அத்தகைய தாரைதான் பெல்ட்டன் சக்கரத்தின் வளைந்த கிண்ணங்களில் பட்டுத் திரும்பித் தன் சக்தியில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடுகிறது. தொட்டியிலோ சக்கரமில்லை, ஆகவே வேகமும் வேண்டியதில்லை.

கவலை இறைத்த காலத்தில் சாலை வேண்டிய மட்டத்திற்கு மேல் ஒருவரும் தூக்கவில்லை. மாட்டின் களைப்பு கண்ணுக்குத் தெரிந்தது. மோட்டாரின் களைப்பு தெரிவதில்லை.

1990 முதல் விவசாய மின்சாரம் இலவசமாயிருக்க, இக்கணக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். மின்சாரம் இலவசமானாலும், மும்முனை மின்சாரம் வரும் நேரம் அளவுள்ளது. வீண் உயரம் குறைந்தால் அதே நேரத்தில் அதிக ஜலம் கிடைக்கும்; ஊற்றுக் குறைந்த கிணற்றிலோ, அதே ஜலம் விரைவில் ஏறி மோட்டாரின் ஓட்டம் குறையும்.

ஆதலால் குழாயின் வாயைக் குறுக்கலாகாது. இயன்றால் கடைசிப் பகுதியை அகலமாக்குதல் நலம். வாய்க்காலுக்கு வேண்டிய மட்டத்திற்கு மேல் தொட்டியையும் குழாயையும் உயர்த்தலாகாது. குழாயின் வாய் தொட்டி ஜலத்தினுள் சற்று மூழ்கியிருப்பது உத்தமம். ஆனால் கிணற்றிலுள்ள அடிவால்வு பழுதற்றிருக்கவேண்டும், இல்லையேல் மோட்டார் நின்றதும் தொட்டி ஜலம் கிணற்றுக்கே திரும்பிவிடும். பம்பின் திறமையைத் தாரையின் பாய்ச்சலைக்கொண்டு மதிக்காமல், தொட்டி நிறைய ஆகும் நேரத்தைக்கொண்டு மதிப்பதே முறை.