நாம கத்துறது யார் காதில் விழுது?

கபடி மேட்சுக்குப் போனால் தொண்டை கட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வரவேண்டும் என்ற கட்சிக்காரன் நான். அதனால் 'ரசிகர்கள் அமைதி காக்கவும்' என்று அறிவுரை சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்து ஓடிவிடாதீர்கள் :-)

நாம் கத்துவதை எதிரணிக்காரன் மட்டும் கேட்பதில்லை. நம் பக்கத்திலேயே முன்வரிசையில் உட்கார்ந்து ஒரு ப்ளஸ் டூ பையனும் கேட்டுக்கொண்டிருக்கிறான். சொல்ல வந்தது அவனைப் பற்றித்தான்.

அமெரிக்காவில் இதை ஒரு தொழிலாகவே செய்கிறார்கள். அங்கே கல்லூரிக் கால்பந்து என்றால் ஊரே திரளும். (பெயர்தான் கால்பந்து. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனை மடக்கி விழுத்தாட்டுகிறார்கள். நம்ம கபடிக்குத் தூரத்துச் சொந்தம்!) மிச்சிகனும் ஓஹியோ ஸ்டேட்டும் முதலில் மோதியது 1897-ல். மிச்சிகன் மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். இந்த மாதிரிப் பரம வைரிகள் மோதும் நாளில்தான், பள்ளியில் படிக்கும் நல்ல ஆட்டக்காரர்களைக் கல்லூரிகள் அழைத்துவந்து காட்டும். பயணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் கல்லூரிச் செலவிலேயே நடப்பதும் உண்டு. 'நாளைக்கு இந்தச் சத்தம் உனக்கு' என்று சொல்லாமல் சொல்வதுதான் நோக்கம். வந்திருக்கும் பையனின் பெயரையே கூட்டம் சேர்ந்து கத்துவதும் உண்டாம்.

அதே மோதலில்தான் 2024 நவம்பர் 30 அன்று, 13-10 என்று ஜெயித்த மிச்சிகன் பையன்கள் எதிரியின் மைதானத்து நடுவில் தங்கள் கொடியை நடப்போக, கைகலப்பாகி, போலீஸ் மிளகு ஸ்ப்ரே அடித்தது. இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் தலா ஒரு லட்சம் டாலர் அபராதம். பி.காம். படிக்கிறவன் புத்தியில் சொன்னால், செலவு செய்து வாடிக்கையாளரைக் கூட்டிவந்து அவர் கண்ணெதிரே கடைக்குள் சண்டை போட்ட கதை.

நம்ம பக்கம் வருவோம். போன வருஷம் கல்லூரிகளுக்கு இடையிலான கபடி இறுதிப் போட்டி. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஒரு கும்பலாகப் போயிருந்தோம். எங்கள் பி.டி. சார் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து மூன்று ப்ளஸ் டூ பசங்களைக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார். அவர் கையில் டாலர் ஏது? பஸ் டிக்கெட், ஒரு டீ, ரெண்டு பஜ்ஜி. பிடித்துப்போனால் விளையாட்டுப் பிரிவு கலந்தாய்வில் நம் கல்லூரியை எடுப்பார்கள் என்று ஒரு நப்பாசை.

மேட்ச் பிரமாதம். கடைசி ஐந்து நிமிஷம் வரை ஒரு புள்ளிதான் வித்தியாசம். எதிரணியில் ஒல்லியாக ஒரு ரெய்டர், ஏறினால் வெறுங்கையோடு திரும்புவதில்லை. அவனைப் பிடிக்க முடியாத ஆத்திரத்தில் எங்கள் பக்கம் யாரோ ஆரம்பித்தார்கள்: "டேய் காலனி!" அவ்வளவுதான், பின்னாடி இருந்தவர்கள் அதைத் தாளம் போட்டுக் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். நான் கத்தவில்லை. ஆனால் சிரித்தேன். கைதட்டினேன் என்றும் ஞாபகம். (பெருமையாகச் சொல்லவில்லை.)

அந்த வார்த்தைக்கு இங்கே என்ன அர்த்தம் என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2025 ஏப்ரலில் முதல்வரே சட்டமன்றத்தில், அது வசைச்சொல்லாகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். ஆவணத்திலிருந்து எடுத்துவிடலாம், கேலரியிலிருந்து எடுப்பது யார்?

அந்த மூன்று பேரில் ஒருவன் எதிரணிக் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். சில மாதம் கழித்து பொம்மிடி ஸ்டேஷனில் பார்த்தேன். "ஏன்டா தம்பி, எங்ககிட்ட வந்திருக்கலாமே?" என்றேன். அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்: "மேட்ச் நல்லா இருந்துச்சுண்ணா. ஆனா நான் அங்க சேர்ந்து ஏறினா, உங்க பசங்க எனக்காகக் கத்துவாங்களா, என்னப் பாத்துக் கத்துவாங்களான்னு தெரியல."

ரயில் வரும் வரை நான் வேறு ஏதோ பேசிச் சமாளித்தேன்.

'விளையாட்டுன்னா அப்படித்தான், உணர்ச்சிவசப்படுவாங்க' என்று நண்பன் ஒருவன் வாதாடுகிறான். அதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். 1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில் இருந்தவர்களுக்கு உணர்ச்சி இல்லையா என்ன? முதுகுவலியோடு சச்சின் 136 அடித்தும் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றோம். அதுவும் கார்கில் நடந்த வருஷம், சண்டைக்குச் சில மாதம் முன்பு. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது, பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தது. நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. இன்றும் சேப்பாக்கம் என்றால் அதைத்தான் சொல்கிறார்கள்.

2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் நம் பெண்கள் கபடி அணி தங்கம் வாங்கியபோது, துணைத் தலைவி கார்த்திகாவை ஊரே 'கண்ணகி நகர் கார்த்திகா' என்று கொண்டாடியது. பெயரைச் சொன்னாலே பலர் முகம் சுளித்த மறுகுடியமர்வுப் பகுதி அது. ஒருத்தர் இருக்கும் இடத்தைச் சொல்லித்தான் கத்துவேன் என்றால், இப்படியும் கத்தலாமே.

இந்த வருஷமும் பி.டி. சார் பசங்களைக் கூட்டி வருகிறாராம். அவர்கள் பக்கத்தில் முன்வரிசையில் எனக்கும் ஒரு இடம் கேட்டிருக்கிறேன். பின்னாடி யாராவது ஆரம்பித்தால் எழுந்து திரும்பி நிற்பதாக உத்தேசம். அடி விழுந்தால் அதையும் எழுதுகிறேன்.