சர்வர் மறுத்துரைக்குங்கால்

கணிப்பொறியில் செய்திகளைச் சேமித்துவைக்கும் தரவுத்தள சர்வர் ஒருநாள் உட்புக விடாதாயின், பலரும் அது கூறிய காரணத்தைப் படியாது, தொடக்க விருப்பங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கின்றனர். நோயை வினவாது மருந்தை மாற்றும் இவ்வழக்கம் தீதென்பது எம் கருத்து. யாமும் அதற்கு விலக்கல்லேம்.

யாமும் தோழர் சிலரும் ஓராண்டாகத் தொகுத்துவந்த பழஞ்சொற் பட்டியல் மைஎஸ்க்யூஎல் சர்வர் ஒன்றில் இருந்தது. சென்ற பருவத்தில் ஒருநாள், வேறொரு கணிப்பொறியினின்று இணைய முயன்ற எம்மை அது விலக்கிற்று. கடவுச்சொல் பிழைத்ததென்று கருதி, ‘ஸ்கிப் கிராண்ட் டேபிள்ஸ்’ என்னும் விருப்பத்துடன் அதனை மீண்டும் தொடங்கினோம். இன்னார்க்கு இன்ன உரிமையென எழுதிய அட்டவணைகளைப் படியாமலே சர்வரை எழுப்புவது அது. கடவுச்சொல்லின்றி எவரும் புகலாம், எதனையும் அழிக்கலாம். ஓராண்டு உழைப்பை அங்ஙனம் திறந்துவைத்தும் யாம் உட்புகக் கூடவில்லை! 8.0 பதிப்பில் அவ்விருப்பம் வலைவழி இணைப்பையும் தானே அடைத்துவிடும் என்பதை அப்பொழுது அறிந்திலேம்.

அவ்வழி வந்த ஆசிரியர் ஒருவர், “முதற்கண் அது யாது சொல்லிற்று?” என வினவினார். விடையறியாது நின்றோம்.

சர்வரின் மறுப்புகள் ஒருதன்மையன அல்ல. ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ எனின், அவ்விடத்துக் கேட்போர் எவருமிலர் என்பது பெரும்பான்மை. சர்வர் எழாதிருக்கலாம், அல்லது வழக்கமான 3306 என்னும் போர்ட்டை விட்டு வேறொன்றில் இருக்கலாம். (போஸ்ட்கிரெஸ்க்கு அவ்வெண் 5432, தனியே பணித்தாலன்றி அது தன் கணிப்பொறிக்குள்ளிருந்து வருவார்க்கே செவிசாய்க்கும்.) ‘இப்பயனருக்கு அனுமதியில்லை’ எனின், சர்வர் விழித்திருந்தே தடுக்கின்றது, பெயரையும் கடவுச்சொல்லையும் ஆராய்க. ‘இக்கணிப்பொறி இணைய இசைவில்லை’ எனின், கடவுச்சொல்லைப் பற்றிய பேச்சே எழவில்லை. வந்த இடமே ஏற்கப்படவில்லை. சொற்பொருள் வேற்றுமை ஆராய்வதே பாடமாகக் கொண்ட யாம் இம்மூன்றனையும் ஒன்றெனக் கொண்டது நாணத்தக்கதே.

கணிப்பொறி பயிற்றுவோர், விருப்பங்களின் பெயர்களைக் கற்பிக்குமுன் பிழைப்பதிவைப் படிக்கக் கற்பிப்பாராக.

எமக்குக் கிட்டியது மூன்றாம் மறுமொழி. ரவுட்டர் மாற்றப்பட்டதனால் எம் கணிப்பொறியின் முகவரி மாறியிருந்தது. புதிய முகவரி அத்தொடரிலேயே எழுதப்பட்டிருந்தது. விருப்பத்தை நீக்கிச் சர்வரைத் தொடங்கி, அம்முகவரிக்கு ஒரு கணக்கு அமைத்தோம். பட்டியல் திறந்தது, சொல்லொன்றும் குறையவில்லை.