ஒன்பதாங்கட்டை மண்ணின் விலை

செராஸ் சாலையில் போகிற நம்மவர்கள் இன்னமும் "ஒன்பதாங்கட்டையில் இறங்கணும்", "மாமா வீடு பதினோராங்கட்டையில்" என்றுதான் பேசுகிறார்கள். அந்த இரண்டு கட்டைகளிலும் இன்று சுங்கச் சாவடி இருக்கிறது. 2017 ஜூலை முதல் அந்தப் பக்கம் எம்.ஆர்.டி. இரயிலும் ஓடுகிறது; பதினோராங்கட்டைக்கு அதன் பெயரிலேயே ஒரு நிலையம் உண்டு. அந்த வட்டாரத்தில் பால்மரக் காட்டைப் பார்த்த பெரியவர்கள் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள், எந்தத் தாமான் எந்த நிரையில் நிற்கிறது என்று சொல்வார்கள்.

மண் அதே மண்தான். அதன் சத்து ஒன்றும் கூடிவிடவில்லை. ஆனால் அன்று ஏக்கர் கணக்கில் பேசிய நிலத்தை இன்று சதுர அடிக் கணக்கில் பேசுகிறார்கள். இந்த விலையை ஏற்றியவர் யார்? ஏறிய விலை யார் கைக்குப் போகிறது? வரிக் கடிதம் வந்தால் மட்டுமே நிலத்தைப் பற்றி நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இந்த மாதம் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போமே!

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பரப்பளவு நடத்தும்போது நான் ஒரு கணக்குக் கொடுப்பதுண்டு. ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. சதுர அடிக்கு ஒரே ஒரு வெள்ளி விலை ஏறினால் ஓர் ஏக்கருக்கு எவ்வளவு ஏறும்? பிள்ளைகள் சட்டென்று சொல்லிவிடும்: 43,560 வெள்ளி. நூறு ஏக்கர் தோட்டத்துக்கு? 43 இலட்சத்து 56,000 வெள்ளி.

இப்போது பெரியவர்களுக்கு ஒரு கணக்கு. ஒருவர் முப்பது வருடம் ஒரே தோட்டத்தில் வேலை செய்திருக்கிறார். தோட்டம் கைமாறி, வேலை போகிறது. 1980-ஆம் ஆண்டு வேலைநீக்கப் பலன் விதிகளின்படி, ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். முப்பது வருடத்துக்கு 600 நாள். குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதை 26 நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. ஆக, 600 நாளுக்கு 39,230 வெள்ளிச் சொச்சம்.

இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மனிதரின் முப்பது வருட உழைப்புக்குச் சட்டம் தரும் தொகை, ஒரே ஓர் ஏக்கர் நிலத்துக்குச் சதுர அடிக்கு ஒரு வெள்ளி ஏறினால் கிடைக்கும் தொகையைவிடக் குறைவு! ஊழியர் சேமநிதி இருக்கிறதே என்பீர்கள். அது அவர் சேர்த்த பணம், நிலத்திலிருந்து வந்ததல்ல. 1998-இல் பெரிய நகரங்களில் குறைந்த விலை வீட்டுக்கு அரசாங்கம் வைத்த உச்ச விலை 42,000 வெள்ளி. இன்றைய சம்பளத்தில் கணக்கிட்ட இந்தத் தொகை, அன்றைய அந்த விலையைக்கூட எட்டவில்லை.

இது புதிய கதையல்ல. நம் பாட்டன்மார் காலத்தில் இதற்கு ஒரு பெயரே இருந்தது: துண்டாடல். 1950-களில், நாடு சுதந்திரம் அடையும் காலத்தை ஒட்டி, வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்களில் பலர் தோட்டம் நடத்த வாங்கவில்லை. துண்டு துண்டாக வெட்டி விற்றால் மொத்தமாக வாங்கிய விலையைவிட அதிகம் கிடைக்கும் என்று வாங்கினார்கள். பத்து ஏக்கர் வாங்கிய சிறு உடைமையாளருக்கு லயமும் வேண்டாம், ஆயக்கொட்டகையும் வேண்டாம், தோட்டப் பள்ளியும் வேண்டாம். வேலை போனதும் வீடும் போயிற்று. ஏனென்றால் வீடு வேலையோடு ஒட்டியிருந்தது. பேராசிரியர் உங்கு அஸிஸ் 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலை ஆராய்ந்து அறிக்கையே எழுதினார்.

அந்த நெருக்கடியில்தான் 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு. பால் வெட்டிய கூலியில் பத்து வெள்ளி எடுத்து வைப்பது அன்று எவ்வளவு பெரிய காரியம் என்று நம் பாட்டிமாருக்குத் தெரியும். அந்தப் பணத்தில் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தில் தொடங்கி, பல தோட்டங்கள் வெட்டுக்குத் தப்பின. பெருமைக்குரிய செயல், ஐயமில்லை. ஆனாலும் பங்கு வேறு, கிராண்ட் வேறு. தோட்டம் சங்கத்தின் பெயரில் வந்தது; குடியிருந்த வீட்டின் அடிமண் அங்கத்தினர் பெயருக்கு வரவில்லை. இதைச் சொன்னால் சில பெரியவர்களுக்குக் கோபம் வரும். வந்தாலும் உண்மை அதுதானே?

பிறகு தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை விற்பதற்குத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். கத்திக்கு ஓர் உறை கிடைத்தது. ஆனால், தோட்டத்தை விற்காமல் உடைமையாளரே அதைத் தாமானாக்கினால்? அல்லது அரசாங்கமே எடுத்துக்கொண்டால்? பிராங் பெசார் தோட்டமும் அதை ஒட்டிய தோட்டங்களும் புத்ராஜெயா ஆனது இப்படித்தான். 1995-இல் கட்டுமானம் தொடங்கியது. ஏறத்தாழ 400 குடும்பங்கள் டிங்கில், தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. தரைவீடு கேட்டு அவர்கள் பல்லாண்டுக் காலம் அலைந்தார்கள். நிலம் எடுப்புச் சட்டத்தின் இழப்பீடு, நிலத்தில் உரிமை உள்ளவருக்குத்தான். மூன்று தலைமுறை பால் வெட்டியவர் பெயர் கிராண்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

சரி, விலை ஏற்றத்தில் ஒரு பங்கை வரியாக எடுத்துப் பொதுமக்களுக்குச் செலவழிக்கலாமே? எடுக்கிறார்கள், எடுக்கும் விதத்தில்தான் சிக்கல். பள்ளி வாசலில் ஒரு தகப்பனார் என்னைக் கேட்டார்: "வாத்தியாரையா, நிலத்துக்கு ஒரு வரி, வீட்டுக்கு ஒரு வரி, விக்கும்போது இன்னொரு வரியா? ஒரே ஆட்டுக்கு எத்தனை தோலய்யா உரிப்பாங்க?" நியாயமான கேள்விதான். ஆனால் மூன்றும் மூன்று வெவ்வேறு பைகளுக்குப் போகின்றன.

நிலவரி, அதாவது சுக்காய் தானா, மாநில அரசாங்கத்துக்கு. கூட்டரசுப் பிரதேசத்தில் அதன் நில அலுவலகத்துக்கு. மே 31-க்குள் கட்ட வேண்டும். கோலாலம்பூர் அடுக்குமாடி வீடுகளுக்கு 2020 முதல் அது சுக்காய் பெத்தாக் என்று தனித்தனி வீட்டுக்கு வருகிறது. மதிப்பீட்டு வரி, நம் மக்கள் சொல்லும் சுக்காய் பிந்து, ஊராட்சிக்கு. 1974 பிப்ரவரி முதல் நாள் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம் ஆனபின் செராஸ் இரண்டுபட்டது. பட்டணத்துப் பக்கச் செராஸ் மாநகர் மன்றத்துக்குக் கட்டுகிறது. உலு லங்காட் பக்கச் செராஸ் காஜாங் நகராண்மைக் கழகத்துக்குக் கட்டுகிறது. 2013 இறுதியில் மாநகர் மன்றம் 21 ஆண்டுகளுக்குப் பிறகு மதிப்பீட்டைத் திருத்தியபோது எழுந்த கூக்குரல் நினைவிருக்கும்.

மூன்றாவது, விற்று வரும் இலாபத்தின்மேல் கூட்டரசு விதிக்கும் நிலச்சொத்து ஆதாய வரி. ஒரு மலேசியக் குடிமகன் 3 இலட்சம் வெள்ளிக்கு வீடு வாங்கி, இரண்டாம் ஆண்டில் 4 இலட்சத்துக்கு விற்கிறார். இலாபம் ஓர் இலட்சம். வழக்கறிஞர் கட்டணம், முத்திரைக் கட்டணம் ஆகியவற்றுக்கு 15,000 கழித்தால் 85,000. சட்டம் தரும் கழிவு 10,000 வெள்ளி அல்லது பத்து விழுக்காடு, இரண்டில் பெரியது, இங்கே 10,000. மீதி 75,000-க்கு மூன்று ஆண்டு வரை 30 விழுக்காடு, அதாவது 22,500 வெள்ளி. நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15 விழுக்காடு. ஆறாம் ஆண்டிலிருந்து குடிமக்களுக்கு 2022 முதல் ஒன்றுமில்லை. குடியிருந்த வீட்டுக்கு வாழ்நாளில் ஒருமுறை முழு விலக்கும் கேட்கலாம். இது தெரியாமல் வரி கட்டிவிடாதீர்கள்.

இந்த வரியின் சரித்திரம் விசித்திரமானது. நில ஊக வாணிபத்தை அடக்க 1974-இல் ஒரு சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1976-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அதுதான் இன்றும் இருக்கிறது. 2007 ஏப்ரலில் வரியை நிறுத்தினார்கள். 2010-இல் 5 விழுக்காடாகத் திரும்பியது. 2014-இல் 30 வரை ஏறியது. சந்தை சூடானால் ஏற்றுவது, ஆறினால் இறக்குவது. நேற்று வாங்கி நாளை விற்பவனை இது பிடிக்கிறது, நல்லதுதான். ஆனால் பொறுமையாகக் காத்திருக்கிற பெரிய கை? நிலத்தை வைத்திருந்து விற்கிற உள்நாட்டுக் கம்பெனிக்கு ஆறாம் ஆண்டிலிருந்து 10 விழுக்காடுதான், அது அறுபது வருடம் வைத்திருந்த நிலமானாலும். நிலவரியோ இரயில் வந்ததும் சந்தை விலையோடு கூடவே ஓடி ஏறுவதில்லை. ஆகையால் சும்மா கிடக்கிற நிலத்தைச் சும்மா வைத்திருப்பதில் பெரிய செலவு கிடையாது.

விலை ஏணியில் மிகப் பெரிய படி, கிராண்டில் 'பெர்த்தானியான்' என்ற சொல் 'பங்குனான்' என்று மாறும் நாளில் இருக்கிறது. விவசாய நிலம் கட்டட நிலமாகிறது. ஒரு சொல் மாறினால் விலை எங்கோ போய்விடும். நம் அரசியல் சட்டப்படி நிலம் மாநில அதிகாரம். மாற்றித் தரும்போது மாநிலம் பிரீமியம் வாங்குகிறது. வேறு வருமானம் அதிகமில்லாத மாநிலங்களுக்கு நிலமும் காடும்தானே சோற்றுப்பானை! தோட்டம் தோட்டமாகவே இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை நிலவரி, தாமானானால் பிரீமியம். கையெழுத்து எந்தப் பக்கம் சாயும் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

1879-இல் ஹென்றி ஜார்ஜ் என்ற அமெரிக்கர் இதைப் பற்றியே ஒரு பெரிய நூல் எழுதினார். உழைப்புக்கும் கட்டடத்துக்கும் வரி போடாதே, சமுதாயம் ஏற்றிய நில மதிப்பை மட்டும் வரியாக எடு என்பது அவர் வாதம். சிங்கப்பூர் வேறு வழியில் போனது. 1966-இல் நிலம் எடுப்புச் சட்டம். 1973-இல் ஒரு திருத்தம். அதன்படி அந்த ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி விலைக்கு மேல் இழப்பீடு கிடையாது. பின்னால் இரயில் வந்து ஏறிய விலை நிலக்காரருக்குப் போகவில்லை; அரசின் கையில் வந்த நிலத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. சிறு நிலக்காரர் பலர் வயிறெரிந்ததும் உண்மை. 2007-இல்தான் சந்தை விலைக்குத் திரும்பினார்கள். அத்தனை கடுமை நமக்கு வேண்டாம் என்பதே என் எண்ணம். நான் கேட்பது சிறியது. தோட்ட நிலத்தை மாற்ற மனுப் போடும்போதே, பிரீமியத்தின் ஒரு பகுதியைப் பணமாக அல்ல, அதே தோட்டத்தில் மண்ணாக ஒதுக்கட்டும். அதில் தொழிலாளர் வீடு, அவரவர் பெயரில் கிராண்டோடு. வரைபடம் கையெழுத்தாகும் முன்னே இது நடக்க வேண்டும். புல்டோசர் வந்தபின் கேட்டால் அதற்குப் பெயர் கருணைத் தொகை.

அதுவரை, கையில் வந்த சேமநிதிப் பணத்தைக் காத்துக்கொள்வது நம் வேலை. இந்தப் பணம் வருகிற வீட்டைத் தேடித் தரகர்கள் வருவார்கள். "அண்ணே, ரெண்டாயிரம் சதுர அடி லோட்டு, பக்கத்திலே ரோடு வருது" என்பார்கள். தாய்மார்களே, கவனியுங்கள். விவசாய நிலத்தை 0.4 ஹெக்டருக்கு, அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கருக்குக் கீழே பிரித்துத் தனிக் கிராண்ட் எடுக்கச் சட்டம் இடம் தருவதில்லை. தரகர் விற்பது லோட்டே அல்ல, காகிதத்தில் போட்ட கட்டம். நில அலுவலகத்தில் 'சாரியான்' எடுத்துப் பாருங்கள். உடைமையாளர் பெயர் யார்? நிலத்தின் வகை என்ன? 'செக்காத்தான்' என்ற இடத்தில் விற்பனைத் தடை எழுதியிருக்கிறதா? மலாய் ஒதுக்கீட்டு நிலமா? அப்படியானால் நம் பெயருக்கு மாற்ற முடியாது. குத்தகை நிலமென்றால் இன்னும் எத்தனை வருடம் மீதி? நிலவரி பாக்கி உண்டா? பாக்கிக்கு 6ஏ அறிவிப்பு வந்தும் கட்டாமல் விட்டால் நிலமே பறிபோகலாம்.

சாரியான் எடுக்க லோட்டு எண்ணும் முக்கிம் பெயரும் வேண்டும். தரகர் நீட்டுகிற வண்ணப்படத்தில் அந்த இரண்டும் இல்லையென்றால், முன்பணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு அடுத்த பேருந்தில் வீட்டுக்கு வாருங்கள். நட்டம் பேருந்துக் கட்டணம் மட்டும்தான்.