தேதி தள்ளிப்போகலாம், தகவல் தள்ளிப்போகக் கூடாது



உங்களில் பலர் இன்று சாஃப்ட்வேர் துறையில் இருக்கிறீர்கள். போனில் பேசும்போது பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறீர்கள். "எப்போ முடியும்னு கேக்கறாங்க சார். ஒரு தேதி சொல்றோம், முடியறதில்லை. அப்புறம் நம்மளை நம்பவே மாட்டேங்கறாங்க." எனக்கு கோடிங் தெரியாது. ஆனால் வேலைக்கு நாள் குறிப்பதும் அது தவறுவதும் எல்லாத் தொழிலிலும் உண்டு. அதனால் என் கருத்தை எழுதுகிறேன்.

கணக்கு தப்புவதற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல. 1994இல் கனடாவில் ப்யூலர், கிரிஃபின், ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி இறுதியாண்டு மாணவர்களிடம், ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று பதில் வந்தது. எல்லாமே கெட்டுப்போனால்? ஏறக்குறைய 49 நாள் என்றார்கள். உண்மையில் முடித்தவர்களுக்கு ஆனதோ சராசரியாக 55 நாளுக்கும் மேல்! நாள் குறிக்கும்போது தடங்கல் இல்லாத வழி மட்டும்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. போன தடவை எத்தனை நாள் ஆனது என்று நாம் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆகவே ஒரு நோட்டு போடுங்கள். என்ன வேலை, எத்தனை நாள் சொன்னேன், எத்தனை நாள் ஆனது என்று மூன்று பத்தி போதும். ஆறு மாதம் எழுதினால் உங்கள் கணக்கு எவ்வளவு குறைகிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

அடுத்து, உத்தேசம் வேறு, வாக்கு வேறு. வேலையின் முழு அளவு தெரியாதபோது ஒற்றைத் தேதி சொல்லாதீர்கள். "மூன்று வாரத்திலிருந்து ஐந்து வாரம் ஆகும். பழைய விவரங்களை மாற்றுவது எவ்வளவு சிக்கல் என்று வெள்ளிக்கிழமை தெரிந்துவிடும். அப்போது தேதி சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். கேட்பவர் முதலில் முகம் சுளிக்கலாம். ஆனால் காரணத்தோடு சொன்ன பேச்சை மதிக்காதவர் குறைவு.

இனி முக்கியமான விஷயம். ஒரு பள்ளிக்கு மாணவர் சேர்க்கைக்கான மென்பொருள் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மே 20 என்று சொல்லியிருக்கிறீர்கள். முடியாது என்பது மே 5ஆம் தேதியே தெரிகிறது. அன்றே சொன்னால் தலைமையாசிரியர் காகித விண்ணப்பம் அச்சடித்துச் சமாளிப்பார். 19ஆம் தேதி மாலை சொன்னால்? பெற்றோர் வாசலில் நிற்பார்கள், அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். உங்கள் தேதியை நம்பித்தான் அடுத்தவர் தம் வேலையைத் திட்டமிடுகிறார். அந்த இரண்டு வார மௌனத்தை அவர் மறக்க மாட்டார். தீபாவளிக்கு முதல் நாள் வரை "பட்டன் மட்டும்தான் பாக்கி" என்று சொல்லும் டெய்லரிடம் நாம் மறுபடி துணி கொடுப்போமா?

மேலாளர்களாக இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பத்து நாள் என்பவரிடம் ஐந்து நாளாக்கு என்று பேரம் பேசினால், அடுத்த முறை அவர் இருபது என்பார். உண்மையான எண் உங்கள் காதுக்கு வராது. தாமதத்தை முன்கூட்டிச் சொன்னவரைக் கூட்டத்தில் நிற்கவைத்துக் கேட்டால், அதன்பிறகு யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். வகுப்பறையிலும் அப்படித்தான். வீட்டுப்பாடம் முடிக்கவில்லை என்று தானாக வந்து சொல்லும் பிள்ளையை அடித்தால், மறுநாள் அதற்கு வயிற்று வலி வந்துவிடும்.

தாமதமான வேலையில் ஆட்களைக் கொண்டுவந்து கொட்டுவதும் உதவாது. ஐபிஎம் நிறுவனத்தில் ஓஎஸ்/360 என்ற பெரிய மென்பொருள் பணியை நடத்திய ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975லேயே இதை எழுதிவிட்டார். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதிலேயே தெரிந்தவர்களின் நேரம் போய்விடும், வேலை இன்னும் பின்தங்கும் என்பது அவர் அனுபவம்.

இந்த வாரம் யாரிடமாவது சொல்ல வேண்டிய தாமதம் ஏதாவது உங்கள் மனத்தில் உறுத்திக்கொண்டிருந்தால், நாளைக் காலையே போன் செய்து சொல்லிவிடுங்கள். இப்போது எது முடிந்திருக்கிறது, இன்னும் எத்தனை நாள் ஆகும், அதுவரை அவர் என்ன செய்யலாம் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

துறையில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்