இலைக்குள்ளே ஓர் இடமாற்றம்

பால்கனித் தொட்டியில் துளசி வைத்திருக்கும் இல்லத்தார் இதைக் கண்டிருப்பர். சில நாட்களில் செடி முழுவதும் கம்பிப் பக்கம் சாய்ந்துவிடும். தொட்டியைத் திருப்பி வைத்தாலோ, மெல்ல மெல்ல மறுபடியும் வெளிச்சத்தை நோக்கி வளையும். செடி ஒளியை நாடுகிறது என்று நாம் சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மை. மீதிப் பாதியை நாம் கற்றது ஒரு செடியைக் கெடுத்த பிறகே. கூடத்து மூலையில் தழைத்திருந்த மணி பிளாண்ட்டை, வெயில் கிடைக்கட்டுமே என்ற பரிவினால், ஒரு சித்திரையில் மொட்டைமாடியில் வைத்தோம். நான்கே நாட்களில் இலைகள் வெளுத்துக் கருகின. நீர் போதவில்லை போலும் என்று மேன்மேலும் ஊற்றினோம், பயனில்லை.

இலையின் பச்சை நிறம் பசுங்கணிகம் என்னும் நுண்ணிய உறுப்புகளில் இருக்கிறது. ஒவ்வோர் உயிரணுவிலும் இவை பல உண்டு. இவை ஓரிடத்தில் நிலைத்து நிற்பனவல்ல. மங்கிய ஒளியில், ஒளி வந்து விழும் முகப்பில் பரவி நின்று கிடைத்ததையெல்லாம் ஏற்கும். ஒளி கடுமையானால் பக்கச் சுவர்களில் ஒதுங்கி, ஒன்றன் நிழலில் ஒன்றாக அடுக்கி நிற்கும். அப்போது இலையே சற்று வெளிறித் தோன்றும். வெயிலில் நிற்கும் மெல்லிய இலையில் கறுப்புத் தாள் ஒன்றைச் செருகி, ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். மூடியிருந்த இடம் சில செடிகளில் சற்றுக் கரும்பச்சையாகத் தெரியும். சிறுவர்க்கு இது நல்ல ஞாயிற்றுக்கிழமை வேலை.

ஒளியின் அளவைப் பசுங்கணிகத்துக்கு அறிவிப்பது யார்? 1880-ல் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும், புல் நாற்றின் நுனியை மூடிவிட்டால் அது ஒளிப்பக்கம் வளைவதில்லை என்று காட்டினர். உணரும் பொருள் அகப்பட ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. கடுகுக் குடும்பத்துச் சிறு செடியான அராபிடாப்சிஸில் அதன் மரபணுவை 1997-ல் அமெரிக்காவில் பிரிக்ஸ் குழுவினர் கண்டனர். போட்டோட்ரோபின் எனப் பெயர் பெற்ற இப்புரதம் நீல ஒளியை உணர்வது. இதில் இரு வகை உண்டு. மங்கிய ஒளியில் பசுங்கணிகத்தைக் கூட்டுவதில் இரண்டிற்கும் பங்குண்டு. கடும் ஒளியில் ஒதுக்குவது பெரும்பாலும் இரண்டாவதன் பணி என்று 2001-ல் தெளிந்தது. மறு ஆண்டே, அவ்வாறு ஒதுங்க இயலாத செடிகளைக் கடும் ஒளியில் வைத்துப் பார்த்தனர். இலைகள் வெந்து மடிந்தன.

இலையின் நிலையும் இவற்றின் பொறுப்பே. காம்பை உயர்த்துவதும், இலைத்தகட்டை விரித்து ஒளிக்கு முகங்காட்டச் செய்வதும் இவையே. இவ்விரண்டும் இல்லாத செடியில் இலை சுருண்டுவிடுகிறது. மங்கிய ஒளியில் அதன் வளர்ச்சியும் குன்றுகிறது.

எனினும் இந்த ஒதுங்கலுக்கு ஓர் எல்லை உண்டு. நிழலில் வளர்ந்த மெல்லிலைக்குச் சித்திரை உச்சிவெயில் அவ்வெல்லையைக் கடந்ததாகும். தொட்டியை இடம் மாற்றுவோர் முதலில் காலை வெயிலில் ஒரு மணி நேரம் வைத்து, பத்துப் பதினைந்து நாட்களில் சிறிது சிறிதாகக் கூட்டுக. மணி பிளாண்ட்டை மட்டும் உச்சிவெயிலுக்கு அனுப்பவே வேண்டா. கருகிய கொடியிலிருந்து வெட்டி நீரில் இட்ட துண்டு ஒன்று வேர்விட்டு, இப்போது பழைய மூலைக்கே வந்திருக்கிறது.